உள்ளூர் ரேடியோ ஸ்டேஷனில் அப்படி என்னதான் வேலை இருந்தது?

9.5.2023, வாசகர் ஒருவர் கேட்டது

அகில இந்திய வானொலியை இனி ‘ஆகாஷ்வாணி’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்ததிலிருந்து ஆளாளுக்கு வானொலிப் பாசம் பொங்குகிறது. எனக்கு ஒரு சந்தேகம். சென்னை, திருச்சி எல்லாம் சரி. ஒரு மாவட்டத்துக்குள் மட்டும் கேட்கிற சின்ன ஸ்டேஷனில் என்ன வேலை நடந்திருக்கும்? காலையில் டெல்லி செய்தியை வாங்கி விடுவது, மதியம் சினிமாப் பாட்டு, ராத்திரி மறுபடி டெல்லி. நடுவில் நாலு பேர் டீ குடித்திருப்பார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், நினைத்துப் பார்க்க அப்படி என்ன இருக்கிறது?

9.5.2023, இரவு 10.40

டீ குடித்தது உண்மை. காலை ஐந்தே காலுக்கு வாட்ச்மேன் அண்ணாச்சி போட்டுத் தரும் கடுங்காப்பி தனி.

நான் 1989 முதல் 2006 வரை தெற்கே ஒரு நிலையத்தில் அறிவிப்பாளர். நிரந்தரம் இல்லை, ‘கேஷுவல்’. மாதம் ஆறு டியூட்டி, அதற்கு ஒரு செக், அதுவும் அடுத்த மாதக் கடைசியில். எந்த நிலையம் என்று எழுத மாட்டேன். சொல்லப் போவதில் பாதி எங்கள் அசட்டுத்தனம், கூட வேலை பார்த்தவர்கள் பலர் இப்போது பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறவர்கள், அவர்களை ஏன் இழுக்க வேண்டும்.

டெல்லி செய்தியை ‘வாங்கி விடுவது’ என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் சின்ன வயதில் ‘ஆகாஷ்வாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி’ என்று கேட்டு வளர்ந்தவள்தான், அது தானாக வருகிறது என்றுதான் நினைத்திருந்தேன். காலை 7.15 செய்திக்கு 7.14க்குள் எங்கள் பாட்டு முடிய வேண்டும். அப்புறம் நேரம் சொல்லி, அறிவிப்பைச் சொல்லி, மைக்கை இறக்கி, டெல்லி லைனை ஏற்ற வேண்டும். பாட்டு நீளமாக இருந்தால் சரணத்திலேயே மெல்ல இறக்கி மறைக்க வேண்டும். லைன் வரவில்லை என்றால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் கையை விரிப்பார். அந்த ஐந்து நொடியில் வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்பதை வேறு எந்த வேலையிலும் நான் அனுபவித்ததில்லை, பிரசவ வார்டு வாசலில் உட்கார்ந்திருந்ததைத் தவிர.

9.5.2023, இரவு 11.15

விட்டுப்போனது. லைன் வராவிட்டால் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு ஃபில்லர் டேப் இருக்கும். வீணை, இல்லை நாதஸ்வரம். அதையும் போடாமல் சும்மா இருந்தால், எத்தனை நொடி நிசப்தம் என்று டியூட்டி ஆபீசர் லாக் புக்கில் எழுதுவார். மறுநாள் காலை மீட்டிங்கில் அதை வாசிப்பார்கள். எங்கள் தொழிலில் தப்பாகப் பேசினால்கூட மன்னிப்பு உண்டு, பேசாமல் இருந்தால் கிடையாது. வீட்டில் என் கணவர் இதைச் சொல்லித்தான் இன்றும் கிண்டல் செய்கிறார்.

10.5.2023, காலை

‘ஒரு மாவட்டத்துக்குள் மட்டும் கேட்கிற’ என்று ஒரு குறை போலச் சொல்லியிருக்கிறீர்கள், அதுதான் முள் மாதிரி குத்துகிறது. அதற்கு மட்டும் இன்னொரு முறை பதில்.

டெல்லியில் வாசிக்கிறவர் ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தால் யாரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டப் போவதில்லை. நான் ஒரு ஊர்ப் பெயரைக் குறில் நெடில் மாற்றிச் சொல்லிவிட்டு, டியூட்டி முடிந்து, அதே ஊர் வழியாகப் போகும் பஸ்ஸில்தான் ஏற வேண்டும். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போதே ஆரம்பிப்பார்: ‘எக்கா, எங்க ஊரு பேரு என்னன்னு சொன்னீய காலையில?’

மீன் சந்தையில் முகத்தை மூடினாலும் குரலை மூட முடியாது. ‘சாளை எவ்வளவு?’ என்றுதான் கேட்டேன். ‘நேயர் விருப்பம் படிக்க அக்காதானே’ என்று கூடைக்காரி கண்டுபிடித்துவிட்டாள். விலையைக் குறைப்பாள் என்று பார்த்தால் ஏற்றிவிட்டாள். ‘ஒங்களுக்கென்ன, கவர்மெண்டு சம்பளம்.’ மாதம் ஆறு நாள்தான் வேலை என்று விளக்கினேன். நம்பவில்லை. தினமும் என்னைக் கேட்பதாகச் சத்தியம் செய்தாள். எங்களில் நாலு பெண் குரல்கள் அவளுக்கு ஒரே ஆள்.

10.5.2023, மதியம்

நேயர் விருப்பம் என்று சொன்னதும் கார்டு ஞாபகம் வந்துவிட்டது.

பதினைந்து பைசா கார்டு. மத்தியானத் தபாலில் கோணிப்பையில் வரும். ஒரு பாட்டுக்கு நாற்பது ஐம்பது பெயர் எழுதுவார்கள், பாட்டைவிடப் பெயர்தான் அவர்களுக்கு முக்கியம். மூச்சு விடாமல் வாசிக்க வேண்டும், ஒரு பெயர் விட்டாலும் அடுத்த வாரம் சண்டைக் கார்டு வரும். ‘என் தங்கச்சி பேரை மட்டும் ஏன் விட்டீங்க, அவ ரெண்டு நாளா சாப்பிடல.’ எண்ணெய்ப் பிசுக்கு கார்டு சமையலறையில் எழுதியது, பச்சை மை கார்டு காலேஜ் பையன், நீலக் கோடு போட்டு எழுதியது வாத்தியார் மகன் என்று கையெழுத்தை வைத்தே ஆளைச் சொல்லும் அளவுக்கு எங்கள் டியூட்டி ஆபீசர் தேறியிருந்தார்.

ஒரு பையன் மூன்று மாதமாகக் கார்டு போட்டான். முப்பது பெயர்கள் இருக்கும், எல்லாம் ஒரே தெரு. இருபத்தொன்றாவது பெயர் அவனுடையது, இருபத்திரண்டாவது ஒரு பெண். வாராவாரம் அதே வரிசை. எங்களுக்கு என்ன தெரியும், நானும் ஒரே மூச்சில் சேர்த்து வாசித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அந்தப் பெண்ணின் தாய்மாமா கேட்டில் வந்து நின்றார், இரண்டு பேர் துணையோடு. ‘எங்க பிள்ளையையும் அந்தப் பயலையும் சேர்த்து வச்சு ஊரு பூரா கூப்பிட்ட பொம்பள யாரு?’ நான் டேப் லைப்ரரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். ஸ்டேஷன் டைரக்டர் அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, அறிவிப்பாளர் எழுதியதை வாசிக்கிறாரே தவிர எழுதுவதில்லை என்று அரைமணி நேரம் விளக்கினார். அதற்கப்புறம் அகர வரிசைப்படிதான் பெயர் வாசிக்க வேண்டும் என்று ஒரு சட்டம். இரண்டு வாரம் தாங்கியது. ஐம்பது பெயரை அகர வரிசையில் அடுக்க யாருக்கு நேரம்.

அவர்களுக்குக் கல்யாணம் ஆனதா என்று கேட்காதீர்கள். அந்தப் பையன் அப்புறம் கார்டு போடவில்லை.

பெயரே இல்லாத கார்டுகளும் உண்டு. ஒன்றில் ‘அந்தப் பாட்டு எப்ப வரும்’ என்று மட்டும் இருந்தது. எந்தப் பாட்டு, யார் கேட்பது, ஒன்றும் கிடையாது. அதை நோட்டீஸ் போர்டில் குத்தி வைத்திருந்தோம். யார் லேட்டாக வந்தாலும் ‘அந்தப் பாட்டு எப்ப வரும்?’ என்று கேட்போம்.

11.5.2023, காலை

ஒருவர், ‘கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எடிட்டிங் எப்படி?’ என்கிறார். பிளேடுதான்.

கால் அங்குல அகல டேப். ஏழு அங்குல ஸ்பூலில் 1200 அடி இருக்கும். நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடும், ஆக ஒரு ஸ்பூல் 32 நிமிடம். பேச்சில் ஒரு நொடி என்றால் கையில் ஏழரை அங்குலம். ஒரு இருமல் மூன்று அங்குலம். ஸ்பூலைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, இருமல் எங்கே தொடங்குகிறது என்று காதால் பிடித்து, பென்சிலால் குறி போட்டு, சாய்வாக வெட்டி, ஒட்ட வேண்டும். நேராக வெட்டினால் ‘டக்’ என்று கேட்கும். எல்லோர் கழுத்திலும் வெட்டிய துண்டுகள் மாலை மாதிரி தொங்கும். துண்டை உடனே தூக்கிப் போட்டுவிடக் கூடாது, தப்பான இடத்தில் வெட்டியிருந்தால் திரும்ப ஒட்ட வேண்டுமே.

பண்ணை இல்ல ஒலிபரப்புக்கு ஒரு வேளாண்மை அதிகாரி வருவார். விஷயம் தெரிந்தவர், ஆனால் வாக்கியத்துக்கு இரண்டு ‘வந்து’. ‘இந்த வாழைக்கு வந்து, வந்து, ஒரு குழிக்கு வந்து…’ வெட்டிய ‘வந்து’களை எல்லாம் எங்கள் நாடகப் பிரிவு அண்ணன் ஒன்றாக ஒட்டி ஒரு ஸ்பூலில் சேர்த்து வைத்திருந்தார். அதிகாரி மாற்றலாகிப் போன அன்று பிரிவுபசார டீயில் போட்டுக் காட்டினார். ஒன்றரை நிமிடம் வந்து வந்து வந்து. அதிகாரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, ‘எனக்கு வந்து, இதுல ஒரு காப்பி வந்து…’ என்றார்.

ஓடி முடிந்த டேப்பைத் திருப்பிச் சுற்றாமல் வால் முன்னே இருக்கும்படி வைத்துவிட்டுப் போவார்கள். அதைக் கவனிக்காமல் மெஷினில் மாட்டினால் பேச்சு பின்னிருந்து முன்னாக ஓடும். அப்படி ஒரு மாலை, தென்னைக்கு உரமிடுவது பற்றிய உரை தலைகீழாக இருபது நொடி ஒலிபரப்பானது, என் கையால். மறுநாள் டீக்கடைப் பெரியவர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: ‘நேத்து சாயங்காலம் மாஸ்கோ வானொலி நம்ம லைன்ல குறுக்க வந்துட்டானோ?’ ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ரஷ்யாக்காரர்கள் மன்னிக்கட்டும்.

11.5.2023, இரவு

டேப் என்று எழுதினால் இது வராமல் இருக்காது.

1990 கோடை என்று நினைக்கிறேன். கிராமியப் பாடல் நிகழ்ச்சிக்காக ஜீப்பில் போனோம். நான், இன்ஜினியரிங் அண்ணன் ஒருவர், ஓட்டுநர் அண்ணாச்சி. தூக்கிப் போகிற ரெக்கார்டருக்கு யூபிடிஆர் என்று பெயர், தூக்கிப் போகலாம் என்பது கம்பெனிக்காரன் நம்பிக்கை, தோள்பட்டையைக் கேட்டால் வேறு சொல்லும். பனங்காட்டை ஒட்டி ஒரு ஊர். எழுபதைத் தாண்டிய ஒரு ஆச்சி. பதநீர் கொடுத்தாள். தாலாட்டு பாடினாள், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, காலை நீட்டி, மடியில் பிள்ளை இருக்கிற மாதிரி முழங்காலை ஆட்டிக்கொண்டே. பத்து நிமிடம்.

ஒப்பாரி தெரியுமா என்று கேட்டேன். தெரியும், ஆனால் சாவு விழாத வீட்டில் பாட மாட்டேன் என்றாள். கட்டாயப்படுத்தவில்லை. அவளே எழுந்து, குளத்தங்கரை வரைக்கும் எங்களைக் கூட்டிப் போய், வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பாடினாள். செத்துப்போன மகனுக்குப் பாடியது. காற்று மைக்கில் அடித்துக்கொண்டே இருந்தது, நடுவில் ஒரு பஸ் ஹாரன். நான் அதுவரை கேட்ட எந்தக் கச்சேரியும் அதன் பக்கத்தில் நிற்காது. முடித்துவிட்டு மூக்கைச் சிந்தி, ‘இது எங்க போவும்?’ என்றாள். ரேடியோவில் வரும் ஆச்சி, அடுத்த புதன்கிழமை என்றேன்.

தாலாட்டு ஒலிபரப்பானது. ஒப்பாரி அபசகுனம், காலையில் கேட்கிறவர்கள் திட்டுவார்கள் என்று மேலே சொல்லிவிட்டார்கள். ஸ்பூல் இரண்டு மூன்று வருடம் அலமாரியில் கிடந்தது. டேப் தட்டுப்பாடு என்றால் பழைய ஸ்பூலை அழித்து மறுபடி பயன்படுத்துவது வழக்கம். அப்படி அதையும் அழித்துவிட்டார்கள். எத்தனையோ கலெக்டர் உரை பத்திரமாக இருந்தது.

12.5.2023

சோகம் போதும், கொஞ்சம் சரித்திரம்.

உள்ளூர் வானொலி என்ற ஏற்பாடே இந்தியாவில் முதலில் தொடங்கியது நம் பக்கம்தான். நாகர்கோவில், 1984 அக்டோபர் 30. (நான் அங்கே வேலை பார்த்தேன் என்று முடிவு கட்ட வேண்டாம், தெற்கே வேறு நிலையங்களும் உண்டு.) திறந்த மறுநாள் டெல்லியில் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். பந்தல் பிரிப்பதற்குள் துக்கம். பண்பலை இன்னும் முன்னாலேயே, 1977 ஜூலையில், சென்னையில் வந்துவிட்டது, ஆனால் அதைக் கேட்க வீட்டில் செட் வேண்டுமே.

‘சினிமாப் பாட்டுதானே’ என்ற நண்பருக்கு: ஆடுதுறை 27 என்ற நெல்லைத் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ‘ரேடியோ நெல்’ என்றுதான் சொன்னார்கள். அறுபதுகளில் திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டுக் கேட்டு விதைத்ததால் வந்த பெயர். ஒரு சினிமாப் பாட்டுக்கு அப்படி ஒரு பயிர் முளைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பெயர் விவகாரத்தில் எனக்குப் பெரிய கோபம் வரவில்லை, அதற்காகத் திட்டு வாங்கத் தயார். டெல்லி செய்தி எப்போதும் ‘ஆகாஷ்வாணி’ என்றுதான் தொடங்கியது, எங்கள் வாயில் எப்போதும் ‘வானொலி நிலையம்’ என்றுதான் வந்தது. கேட்டவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு ‘ரேடியோ ஸ்டேஷன்’ என்றார்கள். பஸ் நிறுத்தத்தின் பெயரும் அதுதான்.

பின்குறிப்பு: கோபம் வரவில்லை என்று எழுதியதை மறுபடி வாசித்தேன். பொய். கொஞ்சம் வந்தது.

13.5.2023

கடற்கரைக்காரர் ஒருவர் மீனவர் வானிலை பற்றி எழுதச் சொல்கிறார்.

வானிலை மையத்திலிருந்து வரும் வாசகம் எழுத்து மாறாமல் வாசிக்க வேண்டியது. ‘மேற்குத் திசையிலிருந்து மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம்.’ ஒருநாள் கரையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். சண்டைக்கு இல்லை. ‘நீங்க சொல்லுதது எங்க தாத்தாமாருக்கு வெளங்கல. மேக்கேருந்து வந்தா கச்சான்னு சொல்லுங்க. கெழக்கேருந்து வந்தா கொண்டல். வடக்க வாடை, தெக்க சோழகம். நாலே வார்த்தை.’

வாசகத்தில் கை வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. டியூட்டி ஆபீசர் அண்ணன் தலையைச் சொறிந்துவிட்டு ஒரு வழி சொன்னார். முதலில் எழுதி வந்ததை அப்படியே வாசி, ஒரு மூச்சு விடு, அப்புறம் ‘அதாவது, கச்சான் காற்று’ என்று அறிவிப்பாளரின் சொந்தச் சொல்லாகச் சேர்த்துக்கொள். அந்த ‘அதாவது’ எந்த லாக் புக்கிலும் இல்லை. ஆனால் கரையில் எங்களை ‘அதாவது ஸ்டேஷன்’ என்றே கூப்பிட்டார்கள். 2004 டிசம்பருக்கு அப்புறம் மாதக்கணக்கில் அந்தக் கரை ஊர்களின் பெயரை வாசித்தபோது எனக்கு அந்த மூன்று பேரின் முகம்தான் வந்துகொண்டிருந்தது. அதில் ஒருவர் இல்லை.

புயல் கூண்டு எண் பற்றிக் கேட்டவருக்கு: எண் துறைமுகத்துக்கானது, ஒன்றிலிருந்து பதினொன்று வரை. பொதுவாக எண் ஏற ஏற ஆபத்து, பதினொன்று மட்டும் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கு.

14.5.2023, காலை 7.30

திருத்தம். மானக்கேடான திருத்தம்.

11ஆம் தேதி எழுதியதைப் பழைய டேப் லைப்ரரி அக்காவுக்கு யாரோ அனுப்பியிருக்கிறார்கள். விடிந்ததும் போன். எழுபத்திமூன்று வயது, குரல் அப்படியே. ‘அழிச்சிட்டாங்க, அழிச்சிட்டாங்கன்னு எழுதியிருக்கியே, அழிப்பு ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டது யாருன்னு ஞாபகம் இருக்கா?’

இருக்கவில்லை. அவர் சொன்னதும் வந்துவிட்டது.

14.5.2023, இரவு

சரி, சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் இருந்து.

1991 மே 22. முந்தின இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டுவிட்டார். எனக்கு அது தெரியாது. காலை டியூட்டி, ஜீப் வரவில்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். வழியில் ஒரு கடையும் திறக்கவில்லை. உள்ளே இன்ஜினியர் ஒன்றும் பேசாமல் ஒரு பெட்டியைக் காட்டினார். துக்கத்துக்கு என்று தனியாக வைத்திருக்கும் டேப்புகள். அடையாள இசை, வந்தே மாதரம், வழக்கமாக அதற்கப்புறம் மங்கள இசை. அன்று நாதஸ்வரம் இல்லை, வீணை. எங்கள் ஊர்களில் காலையில் ரேடியோவைத் திருகியதும் வீணை மட்டும் வந்துகொண்டிருந்தால் ‘யாரு போனா?’ என்றுதான் கேட்பார்கள். நாங்கள் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்பே வீணை சொல்லிவிடும். நாள்கணக்கில் அதே பெட்டி.

1992 நவம்பரில் வேறு மாதிரி. தாமிரபரணியில் வெள்ளம். எந்தப் பாலம் மூழ்கியது, எந்த ரோட்டில் பஸ் இல்லை, எந்தப் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு, யாரைக் காணவில்லை. போன் லைன் பாதி செத்துவிட்டது, ஆட்கள் ஈரத்தோடு ஸ்டேஷனுக்கே வந்து சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ‘அம்மா, நாங்கள் அத்தை வீட்டில் இருக்கிறோம்’, இந்த மாதிரி. வீட்டில் கரண்ட் கிடையாது, ஆனால் டிரான்சிஸ்டருக்கு இரண்டு பேட்டரி போதும். இதற்குத்தான் சார் அந்த ‘ஒரு மாவட்டத்துக்குள் மட்டும்’.

ஒரு நாளைக்குப் பத்துப் பேட்டி பதிவு செய்ய வேண்டும், காலி ஸ்பூல் இல்லை. அக்கா லீவு, அவர் தெருவிலும் தண்ணீர். ‘நீயே போய் அலமாரியிலிருந்து எடுத்து அழிச்சிட்டு வா’ என்றார்கள். அழிக்கிற மெஷின் ஒரு பெரிய காந்தப் பெட்டி. வாட்ச்சைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் பக்கத்தில் போக வேண்டும், இல்லாவிட்டால் வாட்ச் கெட்டுவிடும். ஸ்பூலை அதன் மேல் வட்டமாகச் சுற்றி, மெல்லத் தூக்கி விலக்கிய பிறகுதான் சுவிட்சை அணைக்க வேண்டும். ‘ம்ம்ம்’ என்று ஒரு உறுமல். இருபது ஸ்பூல் அழித்தேன். மேல் அட்டையை நான் வாசிக்கவில்லை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். ரிஜிஸ்டரில் தலைப்பை எழுதினால்தான் கையெழுத்துப் போட முடியும், ஆகவே வாசித்திருக்கிறேன்.

15.5.2023

‘அன்று அது சரியான முடிவுதான்’ என்று ஆறுதல் சொன்ன இரண்டு பேருக்கும் நன்றி. அலமாரியில் கலெக்டர் உரைகளும் இருந்தன என்று நானே எழுதிவிட்டேன், திரும்ப எடுக்க முடியாது.

16.5.2023

இலங்கை வானொலியை மறந்துவிட்டாயா என்று திட்டு. மறப்பேனா. எங்களைக் கெடுத்ததே அவர்கள்தான்.

மத்திய அலை உப்புத் தண்ணீர் மேல் நன்றாக ஓடும், தரையில் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் எங்கள் நிலையம் இரைச்சலோடு கேட்கிற கரையோர ஊர்களில் கடல் தாண்டி வரும் கொழும்பு கண்ணாடி மாதிரி கேட்கும். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று கேட்டு வளர்ந்த பையன்கள் குரல் தேர்வுக்கு வந்தால் முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். ஒருவர் ‘நேயர்களே’ என்பதை அப்படியே கே.எஸ். ராஜா மாதிரி சொல்லி, தேர்வுக் குழுவில் இருந்த பெரியவர், ‘தம்பி, நல்லா இருக்கு, இப்ப உங்க குரல்ல சொல்லுங்க’ என்றதும் பேச்சே வரவில்லை. இப்போது அவர் ஒரு பெரிய துணிக்கடையில் மேனேஜர். மைக்கில் தள்ளுபடி அறிவிக்கும்போது இன்றும் ராஜாதான்.

2000க்கு அப்புறம் தனியார் எஃப்எம் வந்ததும் எங்கள் பையன்கள் சிலர் போய்விட்டார்கள். அங்கே சொந்தப் பெயரைச் சொல்லலாம். எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. பதினேழு வருடத்தில் ஒருமுறைகூட மைக்கில் என் பெயரைச் சொன்னதில்லை. கண்டக்டருக்கு மட்டும் தெரியும். 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலி தொடங்கியபோது போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் மவுஸால் இருமலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் மாலை இல்லை.

17.5.2023, மாலை

இன்று இரண்டு பழைய ஆட்களிடம் பேசினேன், அந்த ஆச்சி பாட்டில் ஒரு வரியாவது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க.

இன்ஜினியரிங் அண்ணனுக்கு மைக்கில் காற்று அடித்ததும், கைக்குட்டையை மடித்து அதன்மேல் சுற்றியதும் ஞாபகம் இருக்கிறது. பஸ் ஹாரன் எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்பதுகூடத் தெரிகிறது. பாட்டு தெரியவில்லை. எனக்கு அவள் முழங்கால் ஆடியது தெரிகிறது, அந்த ராகத்தை மனதுக்குள் இழுத்துப் பார்க்க முடிகிறது, ஒரு சொல் வரவில்லை.

ஓட்டுநர் அண்ணாச்சிதான் வேறு ஒன்று சொன்னார். ‘பதநீர்னு எழுதியிருக்கியளாமே, எவன் சொன்னான்? கருப்பட்டிக் காப்பி. ஐப்பசி மாசம் எவன் பதநீர் எறக்குவான்?’

ஐப்பசியா, கோடை இல்லையா என்றேன்.

‘ஜீப்பு சேத்துல மாட்டி நீங்க ரெண்டு பேரும் எறங்கித் தள்ளுனீய. மழ மூட்டம். அடுத்த வாரம்தான வெள்ளம் வந்துச்சு.’

17.5.2023, இரவு 11.50

அப்படியென்றால் 1992. அப்படியென்றால் ஸ்பூல் இரண்டு மூன்று வருடம் அலமாரியில் கிடக்கவில்லை, ஒரு வாரம்தான். அப்படியென்றால் ‘தாலாட்டு ஒலிபரப்பானது’ என்று 11ஆம் தேதி எழுதினேனே, அது எந்தப் புதன்கிழமை?

அந்தப் பெயரில்லாத கார்டு… வேண்டாம். அந்த மாதிரி கார்டு மாதம் பத்து வரும். இப்படியெல்லாம் முடிச்சுப் போடக் கூடாது.

18.5.2023

லைப்ரரி அக்காவிடம் கேட்டேன், அந்த நவம்பர் கியூ ஷீட், அதாவது அன்றன்று எது எப்போது ஒலிபரப்பாக வேண்டும் என்று எழுதிய தாள், எங்காவது இருக்குமா என்று. புதுக் கட்டடத்துக்கு மாறும்போது எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டதாம். எடை போட்டு வாங்கிய ரசீதை மட்டும் வைத்திருக்கிறாராம், ஆடிட்டுக்காக.